டெஃப் ஜாம் வழியா, நோ லிமிட் வழியா?

சொந்த ஹிப்-ஹாப் லேபிள் (இசைத்தட்டு நிறுவனம்) தொடங்குகிறவர்களுக்கு வரும் முதல் குழப்பம், பெரிய கம்பெனியோடு சேர்வதா, விநியோகத்தை மட்டும் அவர்களிடம் விடுவதா என்பது. இரண்டுக்கும் அமெரிக்காவில் முன்னோடிகள் உண்டு: முதல் வழிக்கு டெஃப் ஜாம் லேபிள், இரண்டாவதற்கு நோ லிமிட் லேபிள்.

தொடக்கம்
டெஃப் ஜாம்: 1984, நியூயார்க் பல்கலைக்கழக விடுதி அறை. தொடங்கியவர்கள் ரிக் ரூபினும் ரஸ்ஸல் சிம்மன்ஸும்.
நோ லிமிட்: கலிஃபோர்னியாவின் ரிச்மண்டில் ராப் பாடகர் மாஸ்டர் பி நடத்திய இசைத்தட்டுக் கடை. எது விற்கும் என்பதைக் கல்லாவில் நின்றே கற்றார்.

பணம்
டெஃப் ஜாம்: 1985-இல் கொலம்பியா என்ற பெரிய இசைக் கம்பெனியோடு ஒப்பந்தம், கைக்காசுக் கவலை குறைந்தது.
நோ லிமிட்: பதிவு, விளம்பரம் எல்லாம் சொந்தச் செலவு.

உரிமை
என்னைக் கேட்டால் எல்லாமே இதில்தான் இருக்கிறது. 1996-இல் விநியோகத்துக்காகப் பிரயாரிட்டி என்ற கம்பெனியோடு கைகோத்தபோது மாஸ்டர் பி மூலப்பதிவுகளின் (பாட்டின் அசல் ஒலிப்பதிவு, மாஸ்டர்) உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். வருமானத்தில் பெரும்பங்கும் அவருக்கே. டெஃப் ஜாமிலோ பாதிப் பங்கு கொலம்பியாவை வாங்கிய சோனியிடம் போய், 1994-இல் பாலிகிராம் என்ற இன்னொரு இசைக் கம்பெனிக்குக் கைமாறியது. பாட்டை உருவாக்கியவர்கள் கையில் இல்லாத பங்குக்கு விலை பேசப்படும் நிலை அது.

நீடிப்பு
டெஃப் ஜாம் பெயர் இன்றும் இருக்கிறது, ரூபின் மட்டும் 1988-இலேயே விலகிவிட்டார். நோ லிமிட் 2003-இல் திவால் மனு கொடுத்தது.

கையில் ஒரே ஒரு நட்சத்திரம், முதலீடு இல்லை, நாடு முழுக்கச் சீக்கிரம் போய்ச்சேர வேண்டும் என்றால் முதல் வழி. ஊரில் ஏற்கெனவே தட்டு விற்கிறது, கணக்கு பார்க்க ஆளும் இருக்கிறது என்றால் இரண்டாவதை எடுங்கள். மூலப்பதிவை மட்டும் எழுதிக்கொடுத்துவிடாதீர்கள்.