இலவச ரியல் எஸ்டேட் வகுப்புக்குப் போய் 1,80,000 ரூபாய் போச்சு. மனை பார்க்கிற இளைஞர்கள் படியுங்கள்

ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல் ஹாலில் இலவச வகுப்பு, முப்பது வயதுக்குள் சொந்த மனை என்று உங்கள் போனில் விளம்பரம் வந்தால் தள்ளிவிட்டுப் போய்விடுங்கள். நான் 1,80,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு நிற்கிறேன். நேற்று மறுபடி ஆபீசுக்குப் போய்க் கேட்டேன், காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன். கம்பெனியின் பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார், அதனால் போடவில்லை. காஞ்சிபுரம் பக்கம் மனை விற்கிற ஒரு மார்க்கெட்டிங் கம்பெனி, வீடியோவில் பாடமும் நடத்துவார்கள். இப்படிப் பல கம்பெனிகள் இருப்பதால் எல்லாவற்றிலும் ஜாக்கிரதையாக இருப்பது நல்லதுதான்.

வகுப்பு நன்றாகவே இருந்தது. வயிறு எரிவது அதனால்தான். வில்லங்கச் சான்றை (இடத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல்) எப்படிப் படிப்பது, பட்டாவில் உள்ள பெயர் விற்பவரின் பத்திரத்தோடு ஏன் ஒத்துப்போக வேண்டும், பஞ்சாயத்து அப்ரூவல் என்று யாராவது சொன்னால் ஏன் எழுந்து வந்துவிட வேண்டும், அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறை செய்வதற்கு 2016 அக்டோபர் 20 ஏன் முக்கியமான தேதி, எல்லாம் சொன்னார் பாடம் நடத்திய ஆள். ஒன்றுகூடப் பொய் இல்லை, பிறகு சரிபார்த்துவிட்டேன். கடைசியில் சொன்னார்: “தம்பி, யாரையும் நம்பாதீங்க. என்னையும் நம்பாதீங்க. பேப்பரை மட்டும் நம்புங்க.” இப்படிச் சொல்கிறவரை நம்பாமல் யாரை நம்புவது?

அடுத்த வாரம் தாம்பரத்திலிருந்து வேன், மதியம் பிரியாணி. வழி முழுக்கப் பரந்தூர் ஏர்போர்ட் புராணம்தான். அந்த ஏர்போர்ட்டுக்கு நிலம் கேட்கப்படுகிற ஏகனாபுரத்தில் ஊர்க்காரர்கள் 2022-லிருந்து அந்தத் திட்டத்தை எதிர்த்துப் போராடுகிறார்கள் என்பதைப் பற்றி மூச்சே இல்லை. சைட்டில் ஆர்ச், தார் ரோடு, தெருவிளக்கு, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) எண் எழுதிய பெரிய போர்டு. அது முதல் ஃபேஸ், அதாவது முதல் கட்டம், எல்லாம் விற்றுவிட்டதாம். எங்களுக்குக் காட்டியது பின்னால் கல் நட்டிருந்த இரண்டாவது ஃபேஸ். 800 சதுர அடி, சதுர அடி 1,250, மொத்தம் 10 லட்சம். ஃபைலைக் கையில் கொடுத்தார்கள்: டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகார உத்தரவு, ரெரா சான்று, வில்லங்கச் சான்று, பட்டா. வகுப்பில் சொன்ன வரிசையிலேயே அடுக்கியிருந்தார்கள். “எனக்கு உங்க அப்பா வயசு தம்பி, உங்களுக்குத் தப்பா ஒண்ணு காட்டுவேனா?” என்று பாடம் நடத்தியவர் தோளில் கை போட்டார். அங்கேயே 30,000, அந்த வாரத்துக்குள் 1,50,000. ஆக மொத்தம் 1,80,000.

குட்டு உடைந்தது வங்கியில். மனைக் கடனுக்கு அதே ஃபைலைக் கொடுத்தேன். வங்கியின் வக்கீல் பார்த்துவிட்டு, அங்கீகரித்த வரைபடத்தில் உங்கள் மனையின் சர்வே நம்பரே இல்லை என்றார். ஃபைலில் இருந்த தாள்கள் எல்லாம் அசல், ஆனால் அவை முதல் ஃபேஸுக்கு உரியவை. என் மனை இருக்கும் நிலம் இன்னும் ஒரு விவசாயியின் பட்டாவில் நஞ்சையாக இருக்கிறது. ரெரா சட்டப்படி ஒவ்வொரு ஃபேஸும் தனித் திட்டம், தனித்தனியாகப் பதிவு செய்யாமல் விளம்பரமோ புக்கிங்கோ செய்யவே கூடாது. விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. என்னிடம் வாங்கியது 18 சதவீதம். இந்த இரண்டு விஷயத்தை மட்டும் வகுப்பில் சொல்லாமல் விட்டார்கள், பாருங்கள்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. எம்.டி. துபாயில் இருக்கார். அக்கவுண்ட்ஸுக்குச் சொல்லியாச்சு, திங்கட்கிழமை வந்திடும். அப்ரூவல் அடுத்த மாசம் வருது, அதுக்குள்ள கேன்சல் பண்ணினா உங்களுக்குத்தான் நஷ்டம். வேற சைட்டுக்கு மாத்திக்கோங்க, இன்னும் 2 லட்சம் போட்டா போதும். உச்சக்கட்டம் இதுதான்: “உங்க இடத்துக்கு ஒரு ஃப்ரெண்டைக் கூட்டிட்டு வாங்க தம்பி, அவர் பணம் கட்டினதும் உங்க பணத்தைத் திருப்பிடுறோம்.” அதாவது என் 1,80,000-ஐ நானே இன்னொருத்தன் பாக்கெட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்! ரசீதை எடுத்துக் காட்டினால், அடியில் பொடி எழுத்தில் ‘ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தர இயலாது’ என்று இருப்பதைக் காட்டுகிறார்கள். பாடம் நடத்தியவர் இப்போது போனை எடுப்பதே இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் சிவில் மேட்டர் என்று சொல்லிவிட்டார்கள்.

புதிதாக மனை வாங்குபவர்களுக்கு விவரமாகப் பத்துப் பாயிண்ட் எழுதத்தான் நினைத்தேன், இப்போது அந்தப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு: அவர்கள் கொடுக்கிற ஃபைலைத் தொடாதீர்கள். மனையின் சர்வே நம்பரை, உட்பிரிவோடு, கேட்டு வாங்குங்கள். வில்லங்கத்தைப் பதிவுத்துறை தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம், பட்டாவையும் வருவாய்த்துறை தளத்தில் பார்க்கலாம். அந்த நம்பர் ரெரா தளத்தில் உள்ள வரைபடத்தில் இருக்கிறதா என்று நீங்களே தேடுங்கள். விற்கிற ஏஜென்டுக்கும் ரெரா பதிவு கட்டாயம், எண்ணைக் கேளுங்கள். நிலம் யார் பேரில் இருக்கிறதோ, ரெராவில் யார் பதிவு செய்திருக்கிறார்களோ, அவர்களைத் தவிர வேறு கணக்குக்கு ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். வேனில் ஏறாதீர்கள்.

நான் எழும்பூரில் உள்ள ரெரா அலுவலகத்தில் புகார் கொடுக்கத் தாள்களைத் திரட்டிக்கொண்டிருக்கிறேன். தாம்பரத்திலிருந்து இதே மாதிரி வேனில் போய், ‘இரண்டாவது ஃபேஸ்’ என்று பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள். ரசீதையும் அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழித்துவிடாதீர்கள்.