பாகூரா, வானூர் செம்மண் மேடா? புதுச்சேரிக்குப் பக்கத்தில் தோட்டத்தோடு வீடு

புதுச்சேரியில் வேலை, கொஞ்சம் நிலத்தோடு வீடு என்று தேடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று திசைகள்தான். தெற்கே பாகூர், மேற்கே வில்லியனூர், வடமேற்கே திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டைச் சுற்றி வானூர் வரை விரியும் செம்மண் மேடு. மூன்றையும் பார்த்துவிட்டு நாங்கள் அந்தச் செம்மண் மேட்டில் இரும்பை என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டையும் அதை ஒட்டிய 25 சென்ட் நிலத்தையும் வாங்கினோம். அதனால் இந்த அலசல் செம்மண் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

பயணம் அவரவர் வேலையிடத்தைப் பொறுத்தது. என் மனைவிக்குக் கோரிமேட்டில் வேலை, திண்டிவனம் சாலையில் வந்தால் நகருக்குள் நுழையவே வேண்டாம். பாகூரிலிருந்து என்றால் கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் என்று வரிசையாக நெரிசல். ஆனால் கடலூரிலும் புதுச்சேரியிலுமாக ஆளுக்கொரு ஊரில் வேலை பார்க்கும் தம்பதிக்கு நடுவில் இருக்கும் பாகூரைவிடத் தோதான இடம் கிடையாது.

வில்லியனூரைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பஸ், ரயில், பள்ளிக்கூடம், மருந்துக்கடை எல்லாம் கைக்கெட்டும் தூரம். ஆனால் எங்கள் பணத்துக்கு வீடு கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. சங்கராபரணிக் கரைப் பக்கத்து ஊர்களில் தோட்டத்தோடு சில வீடுகள் விலைக்கு வந்தன. அங்கே இருக்கிற சொந்தக்காரர்கள் சொன்னதைத் தவிர எனக்கு அந்தப் பக்கம் பழக்கம் இல்லை.

விலை பேசும்போது அளவில் கவனம் வேண்டும். பாகூர்ப் பக்கம் குழிக் கணக்கு. புதுச்சேரிக் குழி 576 சதுர அடி, 100 குழி ஒரு காணி. எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கமான வானூருக்குப் போனால் சென்ட், அதாவது 435.6 சதுர அடி. தமிழ்நாட்டில் பல ஊர்களில் குழி என்றாலே 144 சதுர அடிதான். தரகர் ‘குழி இவ்வளவு’ என்றால் எந்தக் குழி என்று கேட்டு, சதுர அடிக்கு மாற்றிய பிறகு ஒப்பிடுங்கள்.

இனி தண்ணீர். எங்கள் முடிவை எடுத்தது அதுதான்.

தோட்டத்துக்கு மட்டும் என்றால் பாகூரை எதுவும் அடிக்க முடியாது. பெரிய ஏரி, அதற்குத் தென்பெண்ணையிலிருந்து வரும் பங்காரு வாய்க்கால், வண்டல் மண். வாழை வைத்தால் வாழை, நெல் போட்டால் நெல். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று சும்மா சொல்லவில்லை. ஆனால் செடிக்கு நல்லதாக இருக்கும் அதே ஈரம் வீட்டுக்கு ஆகாது. கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே ஏறிவிட்டால் கழிவறைத் தொட்டியின் உறிஞ்சு குழி தண்ணீரை உள்ளே வாங்காது, எதிர்த்துக்கொண்டு நிற்கும். சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, சுண்ணாம்பு பொரிந்து உதிரும். களிமண் பிடித்த இடத்தில் மண் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்குவதால் சுவர் மூலையில் விரிசல் விடும். வருஷா வருஷம் பூச்சு வேலைக்கு ஆள் தேட வேண்டும்.

அப்புறம் வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கொட்டிய மழையைவிடப் பாகூர் பக்கத்தை அதிகம் உலுக்கியது அதற்குப் பிறகு வந்த தண்ணீர். சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி, சோரியாங்குப்பம் மாதிரியான கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. அந்தப் பக்கம் நாங்கள் பார்த்த ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜ் இரண்டு வரிசைச் செங்கல் மேல் நின்றது. சமையலறையில் கீழ்த்தட்டுகளைக் கழற்றியே வைத்திருந்தார்கள். சுவிட்ச் பெட்டிக்குக் கொஞ்சம் கீழே சுவரைச் சுற்றி ஒரு பழுப்புக் கோடு. வீட்டுக்கார அம்மா அதை மறைக்கவில்லை, “இது வரைக்கும் வந்துச்சு தம்பி” என்று தொட்டே காட்டினார். பாகூர் முழுக்க இப்படி இல்லை. ஆற்றிலிருந்து தள்ளி, நல்ல மேட்டில் இருக்கும் தெருக்களும் உண்டு. ஆனால் அங்கே தோட்டத்தோடு வீடு விலைக்கு வருவது அபூர்வம்.

செம்மண் மேட்டில் கதை தலைகீழ். அடித்துப் பெய்தாலும் முற்றத்தில் தண்ணீர் தங்குவதில்லை, உறிஞ்சு குழி ஒழுங்காக வேலை செய்கிறது, அஸ்திவாரத்துக்கு இறுகிய மண். பதிலுக்குக் கோடையில் தவிப்பு. போர் ஆழமாகப் போட வேண்டும், அது செலவு. மழை நீர் நிற்காமல் ஓடும்போது மேல்மண்ணையும் கூட்டிக்கொண்டு போகும். இந்த மேடு ஒரு காலத்தில் ஓடை அரித்த வெறும் பொட்டல். 1968-ல் ஆரோவில் தொடங்கியபின் அங்கே வந்தவர்கள் கரை கட்டி, மரம் வைத்துத்தான் மண்ணை நிறுத்தினார்கள். நாங்களும் சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட்டு, கூரைத் தண்ணீரைக் குழிக்குள் விடுகிறோம். வாழையை மறந்துவிட்டோம். முந்திரி, பலா, கொய்யா, சப்போட்டா நன்றாக வருகின்றன. கரையான் தொல்லை உண்டு, மர நிலைக்கதவுகளை அடிக்கடி தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தோட்டத்துக்குத் தண்ணீர் போதாவிட்டால் செடியை மாற்றிக்கொள்ளலாம். வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் எதை மாற்றுவது? எங்களுக்கு இந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. பெரிய புயல் ஒன்றை இந்த வீட்டிலிருந்து நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. மேட்டில் காற்று கடுமையாக இருக்கும், 2011 டிசம்பரில் தானே புயல் மரங்களை அடியோடு சாய்த்ததை இங்கே எல்லோரும் சொல்கிறார்கள்.

பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் வீட்டுக்காரர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வானூர் தமிழ்நாடு. குடிபோனால் புதுச்சேரி ரேஷன் கார்டும், சென்டாக் (புதுச்சேரி அரசின் கல்லூரிச் சேர்க்கைக் குழு) இடங்களுக்குக் கேட்கும் இருப்பிடச் சான்றும் கேள்விக்குறியாகும். எங்களுக்கு அந்தத் தேவை இல்லை. அது இருக்கிறவர்கள் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துக்குள்ளேயே ஏரிக்கும் ஆற்றுக்கும் தள்ளி, மேடான தெருவாகப் பொறுமையாகத் தேடுவது மேல்.

எந்தப் பக்கம் வாங்கினாலும் வீட்டைச் சித்திரையில் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள், ஐப்பசி கார்த்திகையில் ஒரு மழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள். வாசற்படி சாலையைவிட உயரமா என்று கவனியுங்கள். சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியதில் பழைய வீடுகள் பல இப்போது பள்ளத்தில் இருக்கின்றன. கடலூரில் வேலை என்றால் இதே கணக்கில் கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண்ணை முதலில் பார்க்கலாம்.