ஆறு வருஷமாக ஒரே ஆட்சன் ஃபோர்செப்ஸ்

தங்கச்சிமடத்தில் புதிதாக கிளினிக் போட்டிருக்கும் ஜூனியர் தம்பி நேற்று போனில் கேட்டான்: "அக்கா, நீங்க வச்சிருக்கிற அதே ஆட்சனை வாங்கிடட்டுமா?" காயத்துக்குத் தையல் போடும்போது தோல் ஓரத்தைப் பிடிக்கிற சின்ன இடுக்கி அது. ஒரு மாதம் முன்னால் கேட்டிருந்தால் யோசிக்காமல் வாங்கு என்றிருப்பேன். மதுரைக்கு ரிப்பேருக்குப் போன என் ஆட்சன் இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறது. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

12 செ.மீ. நீளம், ஒரு முனையில் ஒரு பல், எதிர்முனையில் இரண்டு. இதெல்லாம் அவனுக்கே தெரியும். பல் தோலைக் குதறிவிடும் என்ற பயத்தில் படிக்கிற காலத்தில் நான் பல் இல்லாததைத்தான் எடுப்பேன். அது வழுக்கும். வழுக்கினால் கை இன்னும் அழுத்தும், தோல் ஓரம் நசுங்கி, இரத்த ஓட்டம் போய்க் கறுத்துவிடும். பல் உள்ளதற்கு அந்த அழுத்தமே தேவையில்லை.

போன ஐப்பசியில் பாம்பனிலிருந்து ஒரு பையன் வந்தான். படகுப் பலகை இடித்துப் புருவம் பிளந்திருந்தது. (திருக்கை முள், கெளுத்தி முள் குத்திய காயமென்றால் உடனே தைத்து மூட மாட்டேன், இது சுத்தமான பிளவு.) புருவத்தை மழிக்கவில்லை. இடது கையில் பேனா பிடிப்பதுபோல் ஆட்சன். மேல்தோலைத் தொடாமல், அதன் அடியில் வெள்ளையாகத் தெரியும் உள்தோலை (டெர்மிஸ்) மட்டும் பிடித்து, ஓரத்தை லேசாக வெளியே திருப்பினேன். 5-0 என்ற மெல்லிய நைலான் நூல் கோத்த ஊசி செங்குத்தாக இறங்கியது. பக்கத்தில் நின்ற அவன் அம்மா, "பிடிச்ச மாதிரியே தெரியலையே டாக்டரம்மா" என்றார். ஐந்தாம் நாள் தையல் பிரித்தபோது பல் பட்ட தடம் எங்கும் இல்லை. புருவ முடி வரிசை மாறாமல் சேர்ந்திருந்தது. அந்த ஒரு சுகத்துக்காகவே இதை இத்தனை வருஷம் விடாமல் வைத்திருந்தேன்.

உப்புக்காற்றில் துரு ஏறுமே என்பார்கள். காற்றைவிட, சலைனில் (காயம் கழுவும் உப்புநீர்) நனைந்த கருவியை அப்படியே ட்ரேயில் போட்டு வைப்பதுதான் கெடுதல். வெறும் தண்ணீரில் கழுவி, துடைத்து, அப்புறம் ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் பெட்டி) வைத்தேன். ஆறு வருஷத்தில் பின்பக்கம் இரண்டு சின்னப் புள்ளி, அவ்வளவுதான்.

கெடுத்தது ஊசிதான். ஊசி முனை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததும், கூட வேலை செய்கிறவர்கள் அதை ஆட்சன் பல்லால் கவ்வி இழுக்கிறார்கள். நீடில் ஹோல்டரால், அதாவது ஊசி பிடிக்கவே இருக்கிற கருவியால், பிடித்து அதன் வளைவுப்படியே வெளியே எடுக்கச் சொல்லி எத்தனை தடவை கத்தியிருப்பேன்! அவசரத்தில் நானும் இரண்டு தடவை அதையே செய்திருக்கிறேன். பல் ஒரு மயிரிழை சாய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. பழைய கையுறைத் துண்டைப் பிடித்துப் பார்த்தால் தெரியும், நழுவும். தோலும் அப்படித்தான் நழுவும், மறுபடி அழுத்துவோம். எதைத் தவிர்க்க இதை வாங்கினோமோ அதையே இது செய்ய ஆரம்பித்துவிடும்.

ரிப்பேர்க்காரரைக் குறை சொல்ல முடியாது. சாய்ந்த பல்லை நேராக்க அராவித்தான் ஆக வேண்டும், அராவியதில் பல் குட்டையாகிவிட்டது. கையுறை இன்னும் நழுவுகிறது.

அதனால் தம்பிக்குச் சொன்னேன்: வாங்காதே. மூன்று பேர் கை வைக்கிற ட்ரேயில் இது நிலைக்காது. வாங்கியே தீருவேன் என்றால், பல்லுக்குப் பின்னால் நூல் பிடிக்கத் தட்டையான இடம் வைத்த வகையைக் கேட்டு வாங்கு. வந்த அன்றைக்கே கையுறைத் துண்டில் பிடித்துப் பார்.