நான்கு வருடம், மூன்று பிரிட்ஜ் பிக்அப்

என் எலக்ட்ரிக் கிட்டாரில் இரண்டு ஹம்பக்கர், அதாவது தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் இரட்டைக் காயில் பிக்அப்: கழுத்துப் பக்கம் இருப்பது நெக், தந்திகள் முடியும் பக்கம் இருப்பது பிரிட்ஜ். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்டால் பிரிட்ஜ் பிக்அப்பில் கீழ்ஸ்தாயித் தந்திகள் குழைந்துபோகும். கார்டில் எந்தச் சுரம் எது என்றே பிரியாது. பிக்அப்பை மாற்றினால் தீர்ந்துவிடும் என்று முடிவு கட்டினேன். அப்போது எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான்: டிசி ரெசிஸ்டன்ஸ், அதாவது பிக்அப் காயிலின் மின்தடை. பழையது 8 கிலோ ஓம். 15 காட்டிய செராமிக் காந்த பிக்அப் ஒன்றை வாங்கி மாட்டினேன்.

முதல் வாரம் சொர்க்கம். பிறகுதான் புரிந்தது, அது நன்றாக இல்லை, சத்தமாக இருந்தது. காதுக்கு இந்த இரண்டும் சீக்கிரம் குழம்பிவிடும். ஒரே ரிஃபை, அதாவது சின்ன இசைத்துணுக்கை, இரண்டு பிக்அப்பிலும் பதிவு செய்து, கேட்கும் அளவைச் சமமாக்கிப் போட்டுப் பார்த்தபோது நான் கொண்டாடிய வித்தியாசத்தில் பாதி காணாமல் போனது. மீதிப் பாதியில் பழையதற்கே கூடுதல் தெளிவு.

காரணம் சிக்கலானதல்ல. காயிலில் கம்பிச் சுற்றுகள் கூடினால் இண்டக்டன்ஸ் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் குணம்) கூடும். பிக்அப் மிக வலுவாக ஒலிக்கும் அலைவரிசையான ரெசொனன்ஸ் உச்சம் கீழே இறங்கும். மேல் அலைவரிசைகள் மங்கும். ஓம் எண் இதை நேராகச் சொல்லாது. 44 கேஜ் (கம்பியின் பருமன் எண்) செம்புக் கம்பி 42-ஐ விட மெல்லியது, அதனால் அதே சுற்றுக்கே ரெசிஸ்டன்ஸ் எகிறும். காந்தத்தைப் பற்றியோ அந்த எண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. செத் லவர் கிப்சனுக்காக வடிவமைத்து 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர் வகை பெரும்பாலும் 7 முதல் 9 கிலோ ஓம்தான். அதை வைத்துக்கொண்டு எத்தனை கனமான ராக் வாசித்துவிட்டார்கள்!

ஒன்றரை வருடம் சமாளித்தேன். வால்யூமைக் குறைத்தால் ஒலி தெளிவதற்குப் பதில் சேறானது, அதுதான் பொறுக்கவில்லை. அடுத்து வந்த பிக்அப்பில் அல்னிகோ 5 (ஓர் உலோகக் கலவை) காந்தம், 8.2 கிலோ ஓம். மாட்டிய அன்று ஒரு கூத்து. இரண்டு பிக்அப்பும் சேர்ந்து ஒலிக்கும் நடு நிலையில் மூக்கால் பேசுவது போல் மெலிந்த ஒலி. புதியதை நெக் பிக்அப்புக்கு எதிர் ஃபேஸில், அதாவது இரண்டின் அலைகளும் ஒன்றையொன்று அழிக்கும்படி, இணைத்திருந்தேன். ஒயர் நிறங்களின் பொருள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், நான் பழைய வரைபடத்தையே நம்பியிருந்தேன். காயில்களின் இரண்டு முனைகளை இடம் மாற்றிப் பற்றவைத்ததும் சரியானது.

அப்புறம் வால்யூம் குமிழுக்குள் இருக்கும் மாறும் மின்தடையை (‘பாட்’) மீட்டரில் அளந்தேன். 500 கே (கிலோ ஓம்) என்று எழுதியிருந்தது, காட்டியதோ 410. 20 சதவீதம் வரை விலகல் சகஜம் என்பதால் அதைக் குறை என்றும் சொல்ல முடியாது. அதற்குப் பதில் 540 காட்டிய ஒன்றைப் போட்டதும் மேல்சுரங்கள் திறந்துகொண்டன. பிக்அப் மாற்றத்தில் கிடைத்ததற்குக் கிட்டத்தட்ட நிகரான பலன், செலவோ அதில் துளி.

நெக் பிக்அப்பை மாற்றவே இல்லை. திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, கடைசி ஃப்ரெட்டை அழுத்தினால் தந்திக்கும் பிக்அப்புக்கும் 3 மில்லிமீட்டர் வருமாறு இறக்கினேன். ஊதிப்போன பேஸ் அடங்கிவிட்டது. இதை பிரிட்ஜிலும் முதலில் செய்து பார்த்திருந்தால், அதோடு பழைய தந்திகளையும் மாற்றியிருந்தால், இந்தக் கதையே நடந்திருக்குமா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் உண்டு. இந்த அல்னிகோ இரண்டரை வருடமாக இருக்கிறது. எடுக்கத் தோன்றவில்லை.

15 கிலோ ஓம் பிக்அப்பை, தாழ்ந்த டியூனிங்கில் மெட்டல் வாசிக்கும் நண்பனிடம் கொடுத்தேன். அவன் கிட்டாரில் அது கத்தி போல் கேட்கிறது. எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.