கோர்ஷ்கோவா, கிரிகோரோவிச்சா: ரஷ்யாவின் இரண்டு ஃபிரிகேட்டுகள்

ரஷ்யக் கடற்படையின் இன்றைய ஃபிரிகேட்டுகளை (நடுத்தர அளவுப் போர்க்கப்பல்களை) ஒப்பிட உட்காருகிறவர்கள் முதலில் தாக்கும் ஏவுகணைகளுக்கான குழல்களை எண்ணுவார்கள். அட்மிரல் கோர்ஷ்கோவில் 16, அட்மிரல் கிரிகோரோவிச்சில் 8. ஆக முதலாவது இருமடங்கு வலியது என்று கணக்கு முடிந்துவிடும். எண்கள் சரிதான். ஆனால் ஒரு வகை ஏன் மூன்றோடு நின்றது, மற்றது ஏன் பன்னிரண்டு ஆண்டு இழுத்தது என்பதற்கான பதில் எந்திர அறையிலும் ரேடார் கம்பத்திலும்தான் கிடைக்கும்.

இரண்டுமே செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் செவெர்னோயே வடிவமைப்பகத்தின் கைவேலை. 22350 திட்டம் (கோர்ஷ்கோவ் வகை) சோவியத் காலத்துக்குப் பிறகு புதிதாகச் சிந்தித்து வரைந்த பெரிய போர்க்கப்பல். 11356ஆர் திட்டம் (கிரிகோரோவிச் வகை) 1970-களின் கிரிவாக் வகையிலிருந்து வளர்ந்தது. நடுவில் இந்தியாவுக்காகத் தல்வார் வகையாக மாற்றி வரைந்தார்கள். அதில் ஆறு கப்பல்கள் 2003-க்கும் 2013-க்கும் இடையில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தன. வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் கட்டிக் கைபழகிய வடிவத்தையே பிறகு ரஷ்யா தன் கருங்கடல் படைக்கு எடுத்துக்கொண்டது.

காரணம் அவசரம். கோர்ஷ்கோவுக்கு 2006 பிப்ரவரியில் அடித்தளம் போட்டார்கள். 2010 அக்டோபரில் தண்ணீரில் இறங்கியது. படையில் சேர்ந்தது 2018 ஜூலையில். கிரிகோரோவிச்சை 2010 டிசம்பரில் காலினின்கிராடின் யந்தார் கப்பல் கட்டும் தளத்தில் தொடங்கி 2016 மார்ச்சில் கொடியேற்றினார்கள். அதே ஆண்டு நவம்பர் 15 அன்று அது சிரியா மீது காலிபர் ஏவுகணைகளை ஏவியது. ஐந்தாண்டு முன்னால் தொடங்கிய அண்ணன் அப்போதும் சோதனை ஓட்டத்திலேயே இருந்தது.

அளவு: கோர்ஷ்கோவ் 135 மீட்டர் நீளம், முழுச் சுமையில் சுமார் 5,400 டன். கிரிகோரோவிச் சுமார் 125 மீட்டர், 4,000 டன்னைச் சற்றே தாண்டும். உச்ச வேகம் இரண்டுக்கும் ஏறத்தாழ 30 நாட். துறைமுகம் தொடாமல் 30 நாள் கடலில் நிற்கலாம். பின்தளத்தில் ஆளுக்கு ஒரு கா-27 ஹெலிகாப்டர்.

இனி வான்காப்பு. கிரிகோரோவிச்சில் ஷ்தில்-1, 24 செங்குத்துக் குழல்கள். அதன் 9எம்317எம் ஏவுகணை அரைத்தன்னியக்க வழிகாட்டலில் பறக்கும். அதாவது, கடைசிக் கட்டத்தில் இலக்கின் மீது கப்பல் ரேடார் ஒளி பாய்ச்ச வேண்டும். அது பட்டுத் திரும்புவதைப் பிடித்துத்தான் ஏவுகணை போய்ச் சேரும். அதற்கு ஓரெக் என்ற நான்கு ஒளியூட்டு ரேடார்கள் இருக்கின்றன. மேற்கட்டுமானம் குறுக்கே நிற்பதால் எல்லாத் திசையிலும் நான்கையும் ஒருசேரப் பயன்படுத்த முடியாது. கிடங்கில் 24 ஏவுகணை இருந்தாலும், ஒரே பக்கத்திலிருந்து ஒரே நேரத்தில் பாய்கிறவற்றில் எத்தனையைச் சமாளிக்கலாம் என்பதை இந்த விளக்குகளே தீர்மானிக்கின்றன. தேடும் வேலை சுழலும் ஃப்ரெகாத் ரேடாருக்கு. ஒரு சுற்று முடிந்து அதே திசைக்குத் திரும்பச் சில நொடிகள் ஆகும். அலையை உரசிக்கொண்டு ஒலிவேகத்தில் வரும் ஏவுகணைக்கு அந்த இடைவெளி பெரிய சலுகை.

கோர்ஷ்கோவில் கம்பத்தின் நான்கு முகங்களிலும் போலிமென்ட் ரேடார் பலகைகள் அசையாமல் பதிந்திருக்கின்றன. ஒரு முகம் 90 பாகை. ஒரு முகத்துக்கு 4 இலக்குகள், மொத்தம் 16 என்பது வடிவமைப்புக் கணக்கு. ரெதூத் அமைப்பின் 32 குழல்களிலிருந்து எழும் 9எம்96 ஏவுகணையின் மூக்கிலேயே ரேடார் இருப்பதால், கடைசிக் கட்டத்தில் கப்பல் ஒளி பாய்ச்சத் தேவையில்லை. சுட்டுவிட்டு அடுத்த இலக்குக்குப் போய்விடலாம். சிறிய 9எம்100 என்றால் ஒரு குழலில் நான்கைத் திணிக்கலாம். கூட்டமாக வரும் தாக்குதலுக்கு எது தாங்கும் என்று கேட்டால் இங்கே விவாதமே இல்லை.

ஆனால் கப்பலை ஆண்டுக்கணக்கில் தளத்திலேயே கட்டிப்போட்டதும் இதே போலிமென்ட்-ரெதூத்தான். ரேடாரும் ஏவுகணையும் கட்டுப்பாட்டுக் கணினியும் மூன்றும் புதியவை. ஒன்று தவறினாலும் தவறு எதில் என்று பிரித்தறிவதே பெரும்பாடு. போதாததற்கு 130 மி.மீ. ஏ-192 பீரங்கியும் தாமதமாகியது. ஒரே கப்பலில் எல்லாவற்றையும் புதிதாக வைத்தால் மிகமிக மெதுவான உறுப்பின் வேகத்தில்தான் முழுக் கப்பலும் நகரும். ஷ்தில் பழைய பாணிதான், ஆனால் அதன் பழுதுகள் எல்லாம் ஏற்கெனவே தெரிந்த பழுதுகள்.

தாக்கும் ஆயுதத்தில் இரண்டுக்கும் ஒரே பெட்டி: 3எஸ்14 ஏவுதொகுதி. எட்டு குழல் ஒரு தொகுதி. கிரிகோரோவிச்சுக்கு ஒன்று, கோர்ஷ்கோவுக்கு இரண்டு. தரை இலக்குக்கான காலிபர், கப்பலுக்கு எதிரான காலிபர், ஓனிக்ஸ் என்ற இன்னொரு கப்பல் எதிர்ப்பு ஏவுகணை, நீர்மூழ்கிக்கு எதிரான ஏவுகணை எல்லாம் இதே குழலில் போகும். நடைமுறையில் எட்டு என்பது மிகக் குறைவு. நாலைத் தரைக்கு, இரண்டைக் கப்பலுக்கு, இரண்டை நீர்மூழ்கிக்கு என்று ஒதுக்கினால் எந்த வேலைக்கும் போதிய சரமாரி மிஞ்சாது. செங்குத்துக் குழலைக் கடலில் நின்றபடி நிரப்புவதும் சுலபமில்லை. துறையும் கிரேனும் அமைதியான தண்ணீரும் வேண்டும். கிரிமியாவிலுள்ள செவஸ்தபோல் துறைமுகம் தாக்குதலுக்கு உள்ளான பிறகு 2023-இல் கருங்கடல் படை தன் முக்கியக் கப்பல்களை ரஷ்யக் கரையின் நவரசீஸ்க்குக்கு நகர்த்தியபோது இந்த எட்டுக் குழல் கணக்கு இன்னும் கசந்திருக்கும். 22350 வரிசையில் 2019-இல் தொடங்கிய அமெல்கோ என்ற கப்பலிலிருந்து குழல்கள் 24 என்று கூட்டியிருக்கிறார்கள். கோர்ஷ்கோவ் 2020 அக்டோபரில் வெண்கடலில் சோதித்த சிர்கோன் என்ற மீயொலிவேக ஏவுகணையும் இதே குழலிலிருந்து கிளம்பியதுதான்.

மற்ற ஆயுதங்களை நீட்டத் தேவையில்லை. கிரிகோரோவிச்சின் 100 மி.மீ. ஏ-190 நிமிடத்துக்கு 80 குண்டு சுடும். கோர்ஷ்கோவின் 130 மி.மீ. பீரங்கி மெதுவானது, ஆனால் ஒரு குண்டு சுமார் 33 கிலோ, இருமடங்குக்கு மேல் கனம். கரையைச் சுட 130, பறப்பதைச் சுட 100. நெருக்கக் காவலுக்குக் கிரிகோரோவிச்சில் ஏகே-630 என்ற 30 மி.மீ. அதிவேகத் துப்பாக்கி. குறிபார்க்கும் கருவி வேறிடத்தில் தனியாக இருக்கும். கோர்ஷ்கோவின் பலாஷில் குறிபார்க்கும் கண் துப்பாக்கி மேடையிலேயே இருப்பதால் இடைப்பட்ட பிழை குறைகிறது. நீருக்கடியில் கிரிகோரோவிச் 533 மி.மீ. டோர்பிடோவையும் பழைய ஆர்பியூ-6000 ராக்கெட்டையும் நம்புகிறது. கோர்ஷ்கோவில் பாகெத் என்ற 324 மி.மீ. டோர்பிடோ அமைப்பு, தன்னை நோக்கி வரும் டோர்பிடோவையே இடைமறிக்கும் வகையும் அதில் உண்டு. ஆர்பியூ-வைக் கிண்டல் செய்கிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: ஆழமில்லாத கரையோரத்தில் அந்த மலிவான ராக்கெட்டுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

இனி எந்திர அறை. கிரிகோரோவிச்சில் நான்கும் கேஸ் டர்பைன்கள்: நிதான ஓட்டத்துக்கு இரண்டு சிறியவை, பாய்ச்சலுக்கு இரண்டு பெரியவை. சிறியது ஒன்றை மட்டும் ஓட்டி உந்துவிசிறிகளின் இரு ஷாஃப்ட்களையும் சுழற்ற இணைப்புக் கியர் உண்டு. மெதுவாகப் போகும்போது டர்பைன் எரிபொருளைக் குடிக்கும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. நன்றாகத் தேறிய அமைப்பு. ஒரே குறை, எல்லாம் உக்ரைனின் நிகோலயேவ் நகரத்து ஜோர்யா-மஷ்ப்ரோயெக்ட் ஆலையில் செய்தவை.

2014-இல் கிரிமியா விவகாரத்துக்குப் பிறகு அந்த ஆலை ரஷ்யாவுக்கு டர்பைன் தருவதை நிறுத்தியது. ஆறு கப்பல் திட்டத்தில் கிரிகோரோவிச், எஸ்ஸென், மகாரோவ் ஆகிய மூன்றுக்கு மட்டும் எந்திரம் முன்பே வந்திருந்தது. மீதி மூன்று உடல்களும் எந்திரமில்லாமல் யந்தாரில் நின்றன. வேறு டர்பைனைப் பொருத்தினால் என்ன? அடித்தாங்கி, காற்று உள்வாய், புகைபோக்கி, கியர்பாக்ஸ், ஷாஃப்டின் கோணம் எல்லாமே அந்த ஒரு டர்பைனுக்காக அளந்தவை. மாற்றினால் புதுக் கப்பல் வரைவதற்குச் சமம்.

அவற்றில் இரண்டை 2018-இல் இந்தியா வாங்கியது. டர்பைன்களை இந்தியாவே உக்ரைனிடம் வாங்கிக் காலினின்கிராடுக்கு அனுப்பியது. ஐஎன்எஸ் துஷில் 2024 டிசம்பர் 9, ஐஎன்எஸ் தமால் 2025 ஜூலை 1 ஆகிய நாட்களில் அங்கேயே கொடியேற்றின. ரஷ்யாவும் உக்ரைனும் போரில் இருக்கும்போதே உக்ரைன் எந்திரமும் ரஷ்ய உடலும் பிரம்மோஸ் ஏவுகணையும் ஒரே கப்பலில் சேர்ந்தன. இந்தியாவுக்கு இதில் தனிக் கவலை உண்டு. ஐஎன்எஸ் சென்னை இருக்கும் கொல்கத்தா வகை உட்படப் பல இந்தியப் போர்க்கப்பல்களும் ஜோர்யா டர்பைனில்தான் ஓடுகின்றன.

கோர்ஷ்கோவுக்கும் அதே அடி விழுந்தது. அது தப்பித்த விதம்தான் வேறு. அதில் இரண்டு 10டி49 டீசல் (தலா 5,200 குதிரைத்திறன்), இரண்டு எம்90எஃப்ஆர் டர்பைன் (தலா 27,500). நிதானமாகப் போக டீசல் போதும், எரிபொருள் மிச்சம். டீசலின் அதிர்வு நீர்மூழ்கி தேடும்போது தொந்தரவு என்பதால் அதை அதிர்வுதாங்கிகளில் ஏற்ற வேண்டும். முழு வேகத்துக்கு நான்கும் சேரும். சிக்கல் சேரும் இடத்தில். நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று போகும் டீசலையும் பன்மடங்கு வேகத்தில் சுழலும் டர்பைனையும் ஒரே ஷாஃப்டில் இசைவாக இணைக்கும் கியர்பாக்ஸ்தான் ரஷ்யாவால் உடனே செய்ய முடியாமல்போன பாகம். ரைபின்ஸ்க் நகரத்து சதுர்ன் ஆலை டர்பைனையும், பீட்டர்ஸ்பர்க்கின் ஸ்வெஸ்தா கியர்பாக்ஸையும் உள்நாட்டில் செய்து முடித்த பிறகே மூன்றாவது கப்பலான கலோவ்கோ 2023 டிசம்பரில் சேர்ந்தது. முழுவதும் ரஷ்ய எந்திரத்தில் ஓடும் முதல் கப்பல் அது. இரண்டாவதான கசதோனவ் சேர்ந்தது 2020 ஜூலையில். இடைவெளியின் பெரும்பகுதி கியர்பாக்ஸுக்குக் கொடுத்த விலை. புயான்-எம் சிறுகப்பல்களுக்கும் இதே நோய்தான்: ஜெர்மன் டீசல் நின்றதும் சீன டீசலுக்குப் போனார்கள்.

எதைத் தேர்வது? அட்லாண்டிக்கிலோ இந்தியப் பெருங்கடலிலோ தனியே ஓட, விமானக் காவல் இல்லாமல் நிற்க, கோர்ஷ்கோவை விட்டால் ரஷ்யாவிடம் புதிய கப்பல் கிடையாது. அதன் விலை காலம். மூடிய கடலில், கரை விமானங்களின் நிழலில் காலிபர் சுட்டுத் திரும்ப, கிரிகோரோவிச் போதுமானது, கைக்கும் சீக்கிரம் வந்தது. ஆனால் 2022 அக்டோபர் 29 அன்று செவஸ்தபோலில் மகாரோவை நெருங்கியவை வானில் வரவில்லை. தண்ணீரோடு தண்ணீராக ஊர்ந்த ஆளில்லாப் படகுகள். அவற்றுக்கு ஷ்தில்லும் உதவாது, ரெதூத்தும் உதவாது. அங்கே எந்த வகையாக இருந்தாலும் 30 மி.மீ. துப்பாக்கியும், இரவில் பார்க்கும் கண்ணும், மேல்தளத்தில் இயந்திரத் துப்பாக்கியோடு நிற்கும் மாலுமியும்தான் மிச்சம்.