மணித்தியாலக் கணக்கு: எங்கள் ஒழுங்கையின் அனுபவம்

2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் தொடங்கிய வேலை மாற்றும் கணக்கு இன்னும் ஓடுகிறது. ஒருவருக்கு ஒரு மணித்தியாலம் உதவினால் உங்கள் பெயரில் ஒரு மணி வரவு. அதை ஒழுங்கையில் யாரிடமும் செலவழிக்கலாம். பதிவு சனசமூக நிலையத்து சி.ஆர். கொப்பியில். செயலி ஒன்றும் முயன்று பார்த்தோம், வயதான ஆக்களுக்குச் சரிவரவில்லை.

ஜப்பானில் மிசுஷிமா தெருகோ 1973 இலேயே ஒசாக்காவில் இப்படியொரு உழைப்பு வங்கி நடத்தினார். வெங்காய நடுகைக்கும் வேலியடைப்புக்கும் எங்கள் ஊரிலும் ஆளுக்காள் உதவியதுதான். ஆனால் அது சொந்தக்காரருக்குள் சுற்றியது.

சண்டை வந்தது எல்லா மணியும் சமம் என்ற விதியில். தேங்காய் பிடுங்குகிறவரின் மணியும் கணித ரீச்சரின் மணியும் ஒன்றா என்று ஓய்வுபெற்ற ஒருவர் கேட்டார். எந்த வேலையை யார் செய்வது என்பதில் இங்கே சாதி ஒளிந்திருப்பது எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் அந்த விதியை விட்டுக்கொடுக்கவில்லை. இப்போது தேங்காய் பிடுங்குகிறவரின் மகள் அந்த ரீச்சரிடம் சாதாரண தரப் பரீட்சைக்குக் கணிதம் படிக்கிறாள், காசில்லாமல், கடமைப்படாமல். ஆனால் வேலைக்கு வந்தவருக்குத் தேத்தண்ணி எந்தக் கோப்பையில் வரும் என்பதைக் கொப்பி மாற்றாது. சில வீடுகளில் இன்னும் மாறவில்லை.

இன்னொரு சிக்கல், கேட்கக் கூச்சம். பிள்ளைகள் கனடாவில் இருக்க, தனியே இருக்கும் மாமி ஒருவர் தையல் சொல்லிக்கொடுத்தே நிறைய மணி சேர்த்துவிட்டார். கிளினிக்குக்கு மட்டும் காசு கொடுத்து ஓட்டோவில் தனியாகத்தான் போவார். 'ஏன் பிள்ளை, மற்றவைக்குக் கரைச்சல்' என்பார். கேட்டு வரட்டும் என்று இருந்தால் வரமாட்டார்கள் என்று விளங்கிய பிறகு, கொப்பி பார்க்கும் தங்கச்சி வீடு வீடாகப் போய் 'இந்தக் கிழமை என்ன வேலை கிடக்கு?' என்று கேட்கிறாள். அதற்குப் பிறகுதான் செலவுப் பக்கமும் நிரம்பத் தொடங்கியது.

வீட்டு வயரிங், கிணற்றுக்குள் இறங்குவது இரண்டையும் கணக்கில் சேர்ப்பதில்லை. அவற்றுக்குத் தெரிந்த ஆளைக் காசுக்குக் கூப்பிடுவதே நல்லது. பொருட்செலவு வீட்டுக்காரருடையது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் எதுவும் நடக்காது, எதிர்பார்க்கவும் வேண்டாம்.

கடன் பத்து மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது என்றொரு விதியும் உண்டு. அப்படியும் கடனோடு வெளிநாடு போனவர்கள் இருக்கிறார்கள். கூட்டத்தில் பேசி, கொப்பியில் அவர்களின் கடன் எழுதிய வரிகளை வெட்டிவிட்டோம்.