ஜன்னல் கண்ணாடிப் பூச்சுக்கு அனீலிங்: முதல் தடவை மஞ்சள், இரண்டாம் தடவை சரி

வனேடியம் என்ற உலோகம் பூசிய 12 கண்ணாடித் துண்டுகளை வெளியே ஒரு லேபில் அனீலிங் செய்ய, அதாவது ஃபர்னஸில் சூடாக்கிப் பதப்படுத்த, கொடுத்தேன். திரும்பி வந்தபோது பன்னிரண்டும் மஞ்சள். பார்த்ததுமே வயிறு கலங்கிவிட்டது, ஆக்சிஜன் அதிகமாகி வனேடியம் பென்டாக்சைடு ஆகிவிட்டது என்று அர்த்தம். நமக்கு வேண்டியது ஆக்சிஜன் குறைவான வனேடியம் டைஆக்சைடு. அதுதான் 68 டிகிரி வாக்கில் உலோகம் மாதிரி மாறி வெயிலின் அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும், ஆறினால் பழையபடி உள்ளே விடும். 1959இல் மோரின் என்ற விஞ்ஞானி கண்டது இதைத்தான். வனேடியத்துக்கு ஆக்சைடுகள் ஏகப்பட்டது, அதில் இந்த ஒன்றில் பிடித்து நிறுத்துவது முழுக்க ஃபர்னஸின் கையில் இருக்கிறது.

போன் செய்து கேட்டதும் மழுப்பாமல் சோதித்துப் பார்த்தார்கள், ஃபர்னஸ் குழாய் மூடியின் ஓ-ரிங் (காற்று புகாமல் அடைக்கும் வளையம்) தேய்ந்து காற்று கசிந்திருக்கிறது. புதிய துண்டுகளுக்குக் கட்டணம் வாங்கவில்லை, ஆனால் பூச்சுக்கு நான் செலவழித்த ஒரு வாரம் போனது போனதுதான். வேலை தொடங்கும் முன் கசிவு பார்ப்பது அவர்கள் பொறுப்பு, அதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

இரண்டாம் தடவை நானே போய் நின்றேன். ஃபர்னஸ் டிஸ்ப்ளேயில் 450 டிகிரி காட்டும்போது கண்ணாடி பக்கத்தில் வைத்த தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி) 431தான் காட்டியது, அதனால் அங்கே கொடுப்பவர்கள் தெர்மோகப்பிளைத் துண்டுக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொல்லுங்கள், கேட்டால் வைக்கிறார்கள். ஆறும் நேரத்துக்கும் வாடகை போடுவது முதலில் உறுத்தியது, ஆனால் சூட்டோடு திறந்தால் பூச்சு மறுபடி ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும், அவர்கள் அவசரப்படாமல் அறை வெப்பம் வரை காத்திருந்தார்கள், அந்தக் காசு நியாயம்தான்.

இந்தத் தடவை பழுப்பு நிறம். ஹாட் பிளேட்டில் வைத்து மல்டிமீட்டர் முனைகளை அழுத்தினேன்: 66 டிகிரியில் மின்தடை சட்டென்று விழுந்தது, ஆறும்போது 57இல் ஏறியது. அவ்வளவு சந்தோஷம்! ஓரத்தில் இருந்த இரண்டு துண்டு மட்டும் சரியாக மாறவில்லை. சாதா ஜன்னல் கண்ணாடியிலிருந்து சோடியம் மேலே ஏறியிருக்கலாம், அது லேபின் குறை இல்லை, அடியில் சிலிக்கா பூசாதது என் தவறு.

அடுத்து டங்ஸ்டன் கலந்த பூச்சு, ஒரு சதவீதம் சேர்த்தால் மாறும் வெப்பநிலை ஏறத்தாழ 20 டிகிரி இறங்கும். அதையும் இவர்களிடமே கொடுக்கிறேன், இந்தத் தடவை ஃபர்னஸ் குழாய்க்குள் இருந்த அழுத்தத்தின் பதிவையும் கேட்டு வாங்கப் போகிறேன்.